பகிடியும் வதையும்

பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் மாணவரை மூத்த மாணவர் துன்புறுத்தும் வழக்கத்துக்கு ஈழத்துத் தமிழர் இட்ட பெயர் 'பகிடிவதை' என்பதாகும். சிங்கள மக்கள் அதனை 'நவக வதய' என்பர். புதியவருக்குச் செய்யும் வதை என்பது அதன் பொருள். சிங்களச் சொல் வதைபடுபவர் யார் என்பதைச் சொல்கிறது. தமிழ்ச் சொல்லோ வதைப்பவர் அணிந்துகொள்ளும் முகமூடியைச் சொல்கிறது. வதை நிகழ்கிறது, 'பகிடிதானே' என்ற சமாதானமும் அதே சொல்லில் உடன் வந்துவிடுகிறது. பெண்ணொருத்தியின் உடலையும் மானத்தையும் குறிவைக்கும் பாலியற் கொடுமைகூட இந்தச் சொல்லின் நிழலில் நெடுங்காலம் ஒதுங்கி நின்றிருக்கிறது.

அந்த நிழல் எவ்வாறு உண்டாயிற்று, அதனை விலக்க முயன்றவர் யார், அவர்கள் கொடுத்த விலை என்ன என்பவற்றை ஆராய நாம் கடமைப்பட்டவர்கள். முற்போக்காளர் என்று நம்மைக் கூறிக்கொள்ளும் நமக்கு இக்கடமை இரட்டிப்பானது. ஏனெனில், இவ்வழக்கத்தைக் காத்து நிற்கும் வாதங்களுள் வலிமை மிக்கது நம்முடைய சொற்களாலேயே கட்டப்பட்டது.

இளையவரை மூத்தவர் ஏவல் கொள்வது ஆங்கில நாட்டு உயர்குடியினரின் உறைவிடப் பாடசாலைகளில் ஊறிப்போன வழக்கம். ஆளப் பிறந்தவர்கள் என்று கருதப்பட்டோருக்கு, முதலில் அடங்கவும் பின்னர் அடக்கவும் அங்கே பயிற்சி அளிக்கப்பட்டது. 1942 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1952 முதல் பேராதனையில் உறைவிடப் பல்கலைக்கழகமாக வளர்ந்தபோது, ஆங்கில நாட்டு முறையே அதற்கு முன்மாதிரியாயிற்று. 1945 இன் இலவசக் கல்வியும் அதன் பின் வந்த தாய்மொழிக் கல்வியும், உழவர், மீனவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளை அங்கே கொண்டு சேர்த்தன. இங்கேதான் ஒரு விந்தை நிகழ்ந்தது. உயர்குடியினரின் வழக்கம் சமத்துவத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டது. கொழும்பிலிருந்து ஆங்கிலம் பேசி வருபவனும் கிராமத்திலிருந்து வருபவனும் ஒன்றாக மண்ணில் உருண்டால் வர்க்க வேற்றுமை ஒழியும் என்றும், மாணவர் ஒற்றுமை பிறக்கும் என்றும் கூறுவாருளர். போராட்டம் நடத்திய மாணவத் தலைவர்களுள்ளும் இதனை நம்பியோர் பலர்.

இந்தச் சமத்துவம் எத்தகையது என்பதை 1970களின் நடுப்பகுதி காட்டிற்று. 1974 இல் வித்தியாலங்காரப் பல்கலைக்கழக வளாகத்தில் பயிற்சிக்கு வந்த கணித ஆசிரியர்கள் பகிடிவதைக்கு ஆளாயினர். அதனை விசாரிக்க அன்றைய அரசாங்கம் குலரத்தின ஆணைக்குழுவை நியமித்தது. மறு ஆண்டு, 1975 இல், பேராதனையில் விவசாய பீட மாணவி ரூபா ரத்னசீலி, மூத்த மாணவரின் பாலியல் வதையிலிருந்து தப்ப வேறு வழி காணாது, இராமநாதன் விடுதியின் மேல்மாடியிலிருந்து குதித்தார். அப்போது அவருக்கு வயது 22. உயிர் பிழைத்தார், உடல் செயலிழந்தது. 22 ஆண்டுகள் அந்நிலையில் வாழ்ந்து, 1997 இல் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அவர் பெயரைச் சொல்லும்போது அனுதாபத்தோடு நாம் நின்றுவிடலாகாது. அந்த மேல்மாடியிலிருந்து இறங்கப் படிகள் இருந்தன. அப்படிகளின் அடியில், அவர் சொல்வதைக் கேட்கவும் அவரைக் காக்கவும் கடமைப்பட்ட ஒருவர் இருந்திருந்தால் அவர் குதித்திருப்பாரா? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

பொலிஸாரிடம் போயிருக்கலாமே என்பது இலகுவான விடை. ஆனால் 1976 நவம்பர் 12 ஆம் நாள் அதே பேராதனை வளாகத்தில் பொலிஸார் சுட்டதில் வீரசூரிய என்ற மாணவர் இறந்தார். பொலிஸார் வளாகத்துக்குள் வரலாகாது என்ற மாணவர் கோரிக்கைக்கு அந்த இரத்தத்தின் நியாயம் இருந்தது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கோரிக்கையே, முறைப்பாடு செய்யும் பெண்ணைக் காட்டிக்கொடுப்பவளாகச் சித்திரிக்கவும் பயன்பட்டது. வெளியே அரசின் துப்பாக்கி; உள்ளே தோழரின் ஏளனம். இரண்டுக்கும் இடையில் அவளுக்கு எஞ்சியது மௌனம். அம்மௌனத்தைப் பெண்மையின் நாணம் என்று புகழ்வது பொய். அது சுற்றிலும் வாயில்களை அடைத்தவர்கள் உண்டாக்கிய மௌனம்.

வாயில்களைத் திறப்பதற்கான முயற்சிகள் அதே காலத்தில் பிற நாடுகளிலும் நடந்தன. இந்தியாவின் மகாராட்டிரத்தில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி 1972 இல் பொலிஸ் நிலையத்திலேயே வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டாள். அவள் உடலில் காயம் இல்லை, அவள் கூக்குரலிடவில்லை, ஆகவே சம்மதித்தாள் என்று கொண்டு உச்ச நீதிமன்றம் பொலிஸார் இருவரை விடுவித்தது. 1979 இல் உபேந்திர பக்சி, லொத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் ஆகிய சட்ட அறிஞர் நால்வர் பிரதம நீதியரசருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அடங்கிப் போவது வேறு, சம்மதிப்பது வேறு என்பதே அக்கடிதத்தின் சாரம். அதைத் தொடர்ந்து எழுந்த பெண்கள் போராட்டங்களின் பயனாக 1983 இல் சட்டம் திருத்தப்பட்டது. கற்பிப்பவர்கள் எழுதிய கடிதம் ஒரு நாட்டின் சட்டத்தை அசைத்தது என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாகாது. 'அவள் சிரித்துக்கொண்டுதானே செய்தாள்' என்று பகிடிவதைக்கு நியாயம் கூறுவோருக்கும் அக்கடிதமே விடை. நூறு பேர் சூழ நிற்கையில் ஒருத்தி சிரிப்பது சம்மதம் ஆகாது.

1977 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவியர் சிலர் தம் பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குத் தொடுத்தனர். பாலியற் தொந்தரவு பற்றி முறையிட அங்கே வழியே இல்லை என்பது அவர்களின் வாதம். 1980 இல் மேன்முறையீட்டிலும் அவர்கள் தோற்றனர். எனினும் யேலிலும் பிற பல்கலைக்கழகங்களிலும் முறைப்பாட்டு விதிகள் பிறந்தன. வழக்கில் தோற்றவர்கள் வரலாற்றில் வென்றனர்.

மீண்டும் இந்தியாவில், இராசத்தான் மாநிலத்துக் கிராமப் பணியாளர் பன்வாரி தேவி, குழந்தை மணத்தைத் தடுக்க முயன்றமைக்காக 1992 இல் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளானார். கீழ் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரை விடுவித்தது. அவர் பட்ட கொடுமையைக் கண்டு கொதித்த பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், 1997 ஆகஸ்டு 13 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. ஒவ்வொரு பணியிடத்திலும் முறைப்பாட்டுக் குழு வேண்டும். தலைமை பெண்ணிடம் இருக்க வேண்டும். உறுப்பினருள் பாதிக்குக் குறையாதோர் பெண்களாதல் வேண்டும். மேலிடத்து அழுத்தத்தைத் தடுக்க வெளியார் ஒருவரும் இடம்பெற வேண்டும் என்பன அவை. 1999 இல் டில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகம், மாணவரும் ஆசிரியரும் ஊழியரும் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளைக் கொண்ட குழுவை அமைத்தது. பொலிஸாரின் தடியையும் மேலதிகாரியின் தயவையும் மட்டும் நம்பியிராமல் வளாகமே நீதி தேட முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று. 2017 இல் நிர்வாகம் அதனைக் கலைத்து வேறொரு குழுவை வைத்தது. போராடிப் பெற்ற உரிமையைக் காத்து நில்லாவிடில் அது பறிபோகும் என்பதற்கும் அதுவே சான்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, பாலியற் தொந்தரவைத் தனிக் குற்றமாக்கியது. அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். அதிகாரத்தில் இருப்பவர் சொல்லாலோ செயலாலோ செய்யும் விரும்பத்தகாத பாலியல் முனைப்பும் அதில் அடங்கும். 1997 இல் பேராதனைப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையின் விளைவாக இறந்தார். அதன் பின்னரே 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு 2 ஆண்டுகள் வரையும், அதனூடே பாலியற் தொந்தரவோ கடுங்காயமோ விளைவித்தால் 10 ஆண்டுகள் வரையும் சிறை என்றது அது. இராமநாதன் விடுதிக்கும் இச்சட்டத்துக்கும் இடையில் 23 ஆண்டுகள் கழிந்தன. ரூபா ரத்னசீலி அதனைக் காண உயிரோடு இல்லை.

சட்டம் வந்ததும் கொடுமை ஓய்ந்ததா? 2002 நவம்பரில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக மாணவர் சமந்த விதானகே, பகிடிவதையை நிறுத்துவது பற்றிப் பேசச் சென்ற கூட்டத்திலேயே தாக்கப்பட்டு உயிரிழந்தார். 2010 இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 919 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை விடுத்தது; அதன் பின்னரும் வதை ஒழியவில்லை. காரணம் வெளிப்படை. தண்டனை எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்லிவிடும். முறையிட்டவள் மறுநாள் எந்த அறையில் உறங்குவாள், யாரோடு உணவருந்துவாள், பரீட்சையில் யார் கையால் புள்ளி பெறுவாள் என்பவற்றைத் தண்டனைச் சட்டம் சொல்லாது. இவற்றுக்கு விடை காணும் பொறுப்பு நிறுவனத்துடையது.

முறைப்பாட்டைப் பெறுபவரே அதனைக் காக்கத் தவறினால் என்ன நேரும் என்பதைச் சென்னை காட்டிற்று. 2024 டிசம்பர் 23 ஆம் நாள் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானாள். அவள் துணிந்து பொலிஸாரிடம் முறையிட்டாள். அவளை அடையாளங்காட்டும் விவரங்களோடு அம்முறைப்பாடு வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் அதிகாரிகள் மூவரைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்து, அவளுக்கு 25 இலட்சம் ரூபா இழப்பீடு வழங்கவும் பணித்தது. 2025 சூனில் குற்றவாளிக்கு, 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுட் சிறை விதிக்கப்பட்டது. அவள் முறையிட்டதனால் அன்றோ நீதி கிடைத்தது! அவளுடைய துணிவுக்கு ஈடாக அவளுடைய இரகசியத்தைக் காக்க நிறுவனங்களால் முடியவில்லை.

இவ்வரலாறு கற்பிப்பது ஒன்றே. ஒவ்வொரு பாதுகாப்பும் ஒரு பெண் அடங்க மறுத்ததால் பிறந்தது. அவளுக்குப் பக்கத்தில் வேறு சிலர் வந்து நின்றதால் நிலைத்தது. ஆகவே, முறைப்பாட்டைப் பெறுவோர் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தயவில் வாழாதவராக இருத்தல் வேண்டும். முறையிட்டவளின் பெயர் காக்கப்படல் வேண்டும். விசாரணை முடியும்வரை விடுதியை விட்டு வெளியேற வேண்டியவள் அவளாக இருத்தல் ஆகாது. விசாரணைக்குக் கால எல்லை வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் தம் தரப்பைச் சொல்ல இடம் வேண்டும். அவ்வாறு கண்ட முடிபே நிலைக்கும். வதைப்பவர் மாணவராயினும் விரிவுரையாளராயினும் அளவுகோல் ஒன்றே. மாணவர் சங்கம் இக்கோரிக்கைகளைத் தன் கொடியில் எழுதட்டும். அதுவே மாணவர் ஒற்றுமை.

பனிச்சங்கேணி போன்ற வாவிக்கரைக் கிராமத்தில் ஒரு பெண் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாவது வீட்டுச் செய்தி மட்டுமன்று, ஊர்ச் செய்தியுமாகும். தோணியும் வலையும் சேனைப் பயிருமாக வாழும் குடும்பம் தன் கையிருப்பை எல்லாம் அந்த ஒரு பயணத்தில் வைக்கிறது. 1981 இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தமை இப்பிரதேசத்துப் பெண்களுக்குப் பெரும் வாயிலைத் திறந்தது. வதைக்கு அஞ்சி ஒருத்தி படிப்பை இடையில் விட்டுத் திரும்பினால், வசதி படைத்தோர் போல வெளிநாட்டில் மறு இடம் தேட அவளால் இயலாது. அவளுக்குப் பின்னால் படித்துக்கொண்டிருக்கும் தங்கைமாரின் கதவும் சாத்தப்படும். சமத்துவத்தின் பெயரால் நடக்கும் வதை முதலில் வெளியேற்றுவது ஏழையின் மகளைத்தான். இதனை எந்த முற்போக்கு வாதமும் மூடி மறைக்க முடியாது.

ஆகையால், பல்கலைக்கழகம் செல்லும் மாணவியை வாழ்த்தி அனுப்பும்போது, 'பொறுத்துக்கொள் பிள்ளை, எல்லாரும் பட்டதுதான்' என்று சொல்லும் வழக்கத்தை ஆசிரியராகிய நாம் விடுதல் வேண்டும். உன் உடல் உன்னுடையது, சட்டம் இன்னது, முறையிட வேண்டிய இடம் இன்னது, மகளிர் உதவிக்கான 1938 என்ற தொலைபேசி எண் இருக்கிறது, எவரும் கேளாவிடில் எனக்கு எழுது, நான் வருவேன் என்று சொல்லுதல் வேண்டும். செல்லும் மாணவனிடமும் பேச வேண்டும். நாளை மூத்த மாணவனாக நிற்கப் போகிறவன் அவன்தானே! வதைக்குப் பகிடி என்று பெயரிட்டவர்கள் நாம். அந்தப் பெயரைத் திரும்பப் பெறும் கடமையும் நம்முடையதே.