டீசல் லாரிகளில் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவி நீக்கம்: குமுளி, வாளையார் எல்லைச் சாலைகள்

டீசல் லாரியின் புகைப்போக்கியில் தொழிற்சாலை பொருத்தி அனுப்பிய மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவது, அடைப்பது, மின்னணு வழியில் முடக்குவது ஆகிய மூன்றும் கருவி நீக்கத்தில் அடங்கும். பட்டறைகளில் இதற்கு ‘பைபாஸ்’ என்றும் ‘டிலீட்’ என்றும் பெயர். இந்தியாவில் இது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். தமிழகத்திலிருந்து கேரளத்துக்குச் சரக்கு மலையேறும் குமுளிச் சாலையிலும், கோவை–பாலக்காடு வழியிலுள்ள வாளையாரிலும் சோதனைச்சாவடிகள் உண்டு. ஆனால் இந்தக் குற்றத்தின் பெரும்பகுதி கண்ணுக்கும் புகைக்கருவிக்கும் தப்பிவிடும் வகையைச் சேர்ந்தது.

கருவிகள்

வண்டிப் புகைக்கான ‘பாரத் ஸ்டேஜ்’ (பி.எஸ்.) வரிசையில் பி.எஸ்.-4 தரம் 2017 ஏப்ரல் 1 முதலும், பி.எஸ்.-6 தரம் 2020 ஏப்ரல் 1 முதலும் நாடு முழுவதும் நடப்புக்கு வந்தன. கனரக டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடின் அளவு பி.எஸ்.-3இல் 5 கிராம், பி.எஸ்.-4இல் 3.5 கிராம், பி.எஸ்.-6இல் அரை கிராமுக்கும் கீழ். இவ்வளவு பெரிய சரிவை எஞ்சினை மட்டும் திருத்தி எட்ட முடியாது. எனவே புகைபோகும் வழியிலேயே ஒரு சிறு வேதியியல் ஆலை அமைக்க வேண்டியதாயிற்று.

அதில் முக்கியமானவை இரண்டு. கரித்துகளைப் பிடித்து வைத்து, அவ்வப்போது உயர் வெப்பத்தில் எரித்துத் தீர்க்கும் வடிகட்டி ஒன்று. மற்றொன்று யூரியாக் கரைசலைச் சூடான புகைமீது தெளித்து, அதிலிருந்து பிறக்கும் அமோனியாவைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் வினையூக்கி. கரைசலில் 32.5 விழுக்காடு யூரியா, மீதி தூய நீர். ஓட்டுநர்களிடம் அது ‘ஆட்புளூ’, அல்லது வெறுமனே ‘யூரியா’. பி.எஸ்.-4 காலத்தில் எல்லா நிறுவனங்களும் இந்த வழிக்குப் போகவில்லை. சென்னையின் அசோக் லேலண்ட் புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் முறையில் அந்தத் தரத்தை எட்டியது. டாட்டாவின் கனரக லாரிகள் பலவற்றில் யூரியாத் தொட்டி வந்தது.

நீக்கும் முறைகள்

புகையைத் திருப்பி அனுப்பும் குழாயை ஒரு தகட்டால் அடைப்பது பழைய வழி. வடிகட்டியை அறுத்தெடுத்துவிட்டு வெற்றுக் குழாயைப் பற்றவைப்பது இன்னொன்று. உள்ளிருக்கும் பிளாட்டினம், பல்லேடியத்துக்குத் தனிச் சந்தையும் உண்டு. யூரியா அமைப்பை ஏமாற்ற ஸ்பேனர்கூட வேண்டியதில்லை. கையடக்கமான மின்னணுப் பெட்டி ஒன்றை வண்டியின் வயரிங்கில் சொருகினால், தொட்டி நிறைந்திருக்கிறது, சென்சார்கள் நலம் என்று எஞ்சின் கணினிக்கு அது பொய் சொல்லிக்கொண்டிருக்கும். மடிக்கணினியால் எஞ்சின் மென்பொருளையே மாற்றி எழுதுவோரும் உண்டு.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: யூரியா முறையை நம்பி வடிவமைத்த எஞ்சின், டீசல் மிச்சமாவதற்காகத் தன்னளவில் நைட்ரஜன் ஆக்சைடைக் கூடுதலாகவே வெளிவிடும், பின்னால் வினையூக்கி பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. வினையூக்கியை முடக்கினால் அந்த லாரி பழைய பி.எஸ்.-3 லாரியைவிடவும் மோசமாக நஞ்சு கக்கக்கூடும்.

மலைச்சாலையின் நெருக்கடி

தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள குமுளிக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 183 சில கிலோமீட்டருக்குள் வளைந்து வளைந்து காட்டைக் கடக்கிறது. யூரியா தீர்ந்தாலோ சென்சார் பழுதானாலோ எஞ்சின் கணினி சும்மா இருப்பதில்லை. பி.எஸ்.-6 வண்டியில் முதலில் இழுவிசை கால்பங்கு குறையும். அப்போதும் சரிசெய்யாவிட்டால் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் வண்டி போகாது. சமவெளியில் இது எரிச்சல். லோடு ஏற்றிய லாரிக்குக் கொண்டை ஊசி வளைவில் ‘பிக்கப்’ போனால், பின்னால் நிற்கும் பேருந்து வரை எல்லாம் ஸ்தம்பிக்கும். நூறு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 4 முதல் 6 லிட்டர் யூரியாக் கரைசல் செலவாவதும், சென்சார் விலையும், வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களின் வாடகை இழப்பும் சேர்ந்து, ஒரு லாரியை மட்டும் வைத்துப் பிழைப்பவரை பைபாஸ் பக்கம் தள்ளுகின்றன. செலவை மிச்சம்பிடிக்க வயலுக்கான வேப்பெண்ணெய் பூசிய மானிய யூரியாவைக் கரைத்து ஊற்றினால், தெளிப்பானும் வினையூக்கியும் கெட்டு, பழுது முன்னைவிடச் சீக்கிரம் திரும்பி வரும்.

சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். காற்று மாசுத் தரத்தை மீறி ஓட்டினால் 190(2) பிரிவின்கீழ் ரூ.10,000 வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும், ஓட்டுநர் உரிமத் தடையும் வரலாம்.

182ஏ பிரிவு உற்பத்தியாளர், இறக்குமதியாளர், விற்பனையாளர், உரிமையாளர் ஆகியோரைப் பெயர் சொல்லிப் பிடிக்கிறது. மடிக்கணினியோடு வந்து வேலையை முடித்துப் போகும் மெக்கானிக்கை அது நேராகச் சுட்டவில்லை. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் இத்தகைய ஏமாற்றுக் கருவியைச் செய்பவர், விற்பவர், பொருத்துபவர் எல்லோரையும் குற்றவாளியாக்குகிறது. அங்கும் பத்தாண்டுக்குள் 5,50,000க்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் கருவிகள் நீக்கப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2020இல் மதிப்பிட்டது.

சோதனையில் சிக்குவது

2017இல் சரக்கு–சேவை வரி வந்தபின் எல்லையில் வணிகவரிச் சாவடிகள் தேவையற்றுப் போயின. மோட்டார் வாகனத் துறையின் சாவடிகள் எஞ்சின. அங்கே முதலில் கேட்கப்படுபவை பர்மிட், வரி, எடை. மாசுக்கு அத்தாட்சி ‘பொகை சர்டிபிகேட்’ ஒன்றுதான். அந்தச் சோதனையோ, நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துப் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்ப்பது மட்டுமே. வடிகட்டியை அறுத்த வண்டி அதில் மாட்டலாம். யூரியாவை முடக்கிய வண்டி மாட்டாது. நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி அளப்பதே இல்லை. 2023 ஜூனில் கேரளம் இயக்கத் தொடங்கிய எழுநூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்கள் ஹெல்மெட்டையும் சீட் பெல்ட்டையும் பார்க்கும். புகைப்போக்கிக்குள் பார்க்க அவற்றால் இயலாது.

மின்னணு மோசடியை அதிகாரிகள் தேடிப் பார்க்கவைத்தது மாசு அன்று, விபத்து. 2022 அக்டோபர் 5 இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்தொன்று அரசுப் பேருந்தின் பின்னால் மோதி, மாணவர்கள் உட்பட ஒன்பது பேர் இறந்தனர். சுற்றுலாப் பேருந்தின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைத்திருந்தது தெரியவந்தது. அதன்பின் சுற்றுலாப் பேருந்துகளின் மாற்றங்கள்மீது கேரளம் முழுவதும் சோதனை நடந்தது. வேகக் கட்டுப்பாட்டை ஏய்ப்பதும் யூரியாவை ஏய்ப்பதும் ஏறத்தாழ ஒரே கைவேலை. ஆனால் முன்னதற்கு உடனே பிணம் விழுகிறது, பின்னதற்கு விழுவதில்லை.

யூரியா பைபாஸைப் பிடிக்க நடைமுறையில் சில வழிகள் உள்ளன: கண்டறி கருவியை வண்டியின் கணினியில் இணைத்து, ஓடும்போது சென்சார் அளவுகள் மாறுகின்றனவா என்று பார்ப்பது, யூரியாத் தொட்டியின் அளவு ஓடிய தூரத்துக்கேற்பக் குறைந்திருக்கிறதா என்று ஒப்பிடுவது, வயரிங்கில் ஒட்டுப்பெட்டி தேடுவது. வாகனப் பதிவுக்குப்பின் எட்டு ஆண்டுவரை ஈராண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு வண்டி நின்றாக வேண்டும். அந்த அரைமணி நேரத்தில் இவற்றைச் செய்துவிடலாம். சாவடி வரிசையில் காய்கறி வாடிக்கொண்டிருக்கும் லாரியிடம் செய்ய முடியாது. வாரண்டி கோரும்போது நிறுவனத்தின் சேவை மையம் அதே கருவியை இணைத்துத்தான் பார்க்கிறது. மாற்றிய மென்பொருள் அங்கே தெரிந்துபோனால், எஞ்சின் பழுதின் முழுச் செலவும் உரிமையாளர் தலையில் விழும். பலருக்கு அரசு அபராதத்தைவிட இதுவே பெரிய தொகை.