ஸ்மார்ட் மீட்டர்: அந்தரங்கமும் பாதுகாப்பும்

ஸ்மார்ட் மீட்டர் என்பது வீட்டின் மின்நுகர்வைக் குறுகிய இடைவெளிகளில் பதிந்து, மின் நிறுவனத்துக்குத் தானாகவே அனுப்பும் டிஜிட்டல் மின்மானி. பல வகைகள் இதற்கு ரேடியோ அலைகளைப் பயன்படுத்துகின்றன.

அந்தரங்கம்: ஒவ்வொரு மின்சாதனமும் மின்சாரத்தை இழுக்கும் விதம் வேறு. எனவே நுணுக்கமான அளவீடுகளிலிருந்து வீட்டார் உறங்கும் நேரம், வெளியூர் சென்ற நாட்கள் போன்றவற்றை ஊகிக்க முடியும். நெதர்லாந்தில் இந்த மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை 2009இல் மேலவை ஏற்க மறுத்தது. பின்னர் மீட்டரை மறுக்கும் உரிமை நுகர்வோருக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், நேப்பர்வில் நகர நிர்வாகம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தரவு திரட்டியதை எதிர்த்து வழக்கு நடந்தது. இந்தத் தரவு திரட்டல் அரசமைப்புச் சட்டப்படி ‘சோதனை’யே என்றும், ஆனால் நியாயமான சோதனை என்றும் 2018இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தரவு காவல்துறைக்கு எளிதில் கிடைத்தால் முடிவு மாறலாம் என்றும் அது குறிப்பிட்டது.

பாதுகாப்பு: பல மீட்டர்களில் தொலைவிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கும் வசதி உண்டு. அது ஊடுருவல்காரர் கையில் சிக்கினால் பல வீடுகள் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கும். வலுவான மறையாக்கம், குறைந்த அளவே தரவு சேகரித்தல், நுகர்வோர் ஒப்புதல் ஆகியவை இன்றியமையாத காப்புகள்.