பாட்டுக்கு உடையவன் யார்?

பாட்டைப் போற்றும் நாம் அதைப் படைத்தவனைத் தேடுவது அரிது. சூலு இனத் தொழிலாளியான சொலமன் லிண்டா, 1939இல் தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க் நகரிலே, ‘சிங்கம்’ எனப் பொருள்படும் ‘இம்பூபே’ என்ற பாடலைத் தம் குழுவினருடன் இசைத்தட்டிற் பதிவு செய்தார். உரிமைக்கு அவர் பெற்ற விலை 10 சிலிங்.

1950களில் அமெரிக்கப் பாடகர் அதனை நாட்டார் பாடலெனக் கருதியே எடுத்தாண்டனர். ஒலிப்பதிவின்போது லிண்டா உச்சக்குரலில் இட்டுக்கட்டிய மெட்டு, 1961இல் ஆங்கிலப் பாடலாகி உலகெங்கும் விற்பனையாயிற்று. மறு ஆண்டே அவர் வறுமையில் மாண்டார். அவர்தம் புதல்வியருக்காக வழக்குத் தொடுக்கப்பட்ட பின்னரே, 2006இல் இழப்பீடும், இணைப்படைப்பாளர் என்ற உரிமையும் கிட்டின.

இசைத்தட்டு குரலைக் காத்தது. ஒப்பந்தமோ உழைப்பைக் கவர்ந்தது. ‘நாட்டார் பாடல்’ என மாணவர்க்குக் கூறுமுன், பாடியவன் பெயரைத் தேடுவோமாக!