நொண்டி நாடகமும் யாழ்ப்பாண அரங்கும்: உடற்குறையுடைய பாத்திரங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நகை எவ்வெவ்விடங்களில் தோன்றும் என வகுத்துரைத்த பழந்தமிழ் நாடக நூலார், முடவரது நடையை அவ்விடங்களுள் ஒன்றாக வைத்தனர். செயிற்றியம் எனப்படும் அந்நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு இளம்பூரணர் வகுத்த உரையில் எடுத்தாளப்பட்ட பகுதி வாயிலாகவே இச்செய்தி அறியப்படுகின்றது. முடவரின் நடையும் பேதையரின் பேச்சும் பித்தரின் பிதற்றலும் அங்கு ஒருசேர எண்ணப்படுகின்றன. தொல்காப்பியர் நகைக்குக் கூறிய நிலைக்களன் நான்கனுள் எள்ளல் முதலிடம் பெறுவதும், இளிவரலுக்குக் கூறிய நான்கனுள் பிணி இடம்பெறுவதும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கன. உடற்குறையுடைய ஒருவர் அரங்கிலே தோன்றுமிடத்து அவையோர் நகைத்தல் வேண்டும், அன்றேல் இழிவும் இரக்கமும் கொள்ளல் வேண்டும் என்னும் ஒரு மரபு இவ்வாறு இலக்கணத்தின் துணையுடன் வேரூன்றியது. அம்மரபு தமிழ் அரங்கில் எவ்வாறு வளர்ந்தது, யாழ்ப்பாணக் குடாநாட்டிலே எந்நிலையில் அது கேள்விக்குள்ளாயிற்று என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கப் பாடல்களில் இப்பொருள் இருவேறு வகையாகக் காணப்படுகின்றது. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28 ஆம் பாடல், குருடு, கூன், குறள், ஊமை, செவிடு முதலாக எட்டு வகைக் குறைகளை எண்ணி, அவற்றை ‘எச்சம்’ என்னும் ஒரு சொல்லுள் அடக்குகின்றது. இங்கு மனிதர் இல்லை, வகைகளே உள்ளன. கலித்தொகையின் 94 ஆம் பாடலிலோ அவ்வகைகளுள் இரண்டு உயிர்பெற்று வாய்திறந்து பேசுகின்றன. அரண்மனைப் பணியாளராகிய கூனியும் குறளனும் ஒருவரையொருவர் காதலிக்கின்றனர், ஏசுகின்றனர், ஊடுகின்றனர், ஈற்றில் இணங்குகின்றனர். முழுவதும் உரையாடலாக அமைந்த அப்பாடலைச் சிறியதொரு நாடகம் எனலாம். அவர்களது ஏச்சுக்கள் கேட்போரை நகைக்கச் செய்யும் நோக்குடன் அமைந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் பாடல் முடியும் தறுவாயில், அரண்மனையிலுள்ளோர் தம்மைக் கண்டால் பேய்கள் துள்ளுகின்றன எனச் சிரிப்பர் என்றும், அச்சிரிப்புக்கு ஆளாகாத இடத்துக்குச் செல்லவேண்டும் என்றும் ஒரு குரல் ஒலிக்கின்றது. அதுவரை சிரித்திருந்த அவையோரை நோக்கியே அக்குரல் எழுகின்றது. உடற்குறையுடைய பாத்திரமொன்று தன்னைப் பார்ப்போரின் பார்வையைத் தானே எடுத்துப் பேசும் இவ்விடம் தமிழ் நாடகச் சிந்தனை வரலாற்றில் சிறப்பிடம் பெறவேண்டியதாகும்.

பிற்கால அரங்கு இக்குரலைத் தொடரவில்லை. 17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளில் செல்வாக்குற்ற நொண்டி நாடகம் என்னும் இலக்கிய வகை இதற்குத் தக்க சான்றாகும். பரத்தையிடம் பொருளிழந்த ஒருவன் களவிலே இறங்குகின்றான். குதிரையொன்றைத் திருட முற்பட்டு அகப்படுகின்றான். தண்டனையாக உறுப்பு வெட்டப்படுகின்றது. பின்னர் தெய்வத்தை அடைந்து இழந்ததை மீளப்பெறுகின்றான். இக்கதைச் சட்டகம் சமய எல்லைகளைக் கடந்து பயின்றது. திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் முருகன் அருள்கின்றான்; சீதக்காதி நொண்டி நாடகத்தில் கதைத் தலைவன் இஸ்லாத்தைத் தழுவி மக்கா சென்று நலம்பெறுகின்றான்; கிறித்தவரும் ஞான நொண்டி நாடகம் இயற்றினர். வழிபாடு வேறுபட்டபோதும் உடற்குறை பற்றிய கருத்து மூன்றிடத்தும் ஒன்றே. குறை என்பது குற்றத்தின் கூலி. நலம் என்பது திருந்தியதற்குரிய பரிசு.

இவ்வகை நாடகத்தின் ஆற்றுகை முறையும் கவனத்துக்குரியது. நொண்டி ஒற்றைக் காலால் துள்ளித் துள்ளி ஆடித் தன் கதையைத் தானே பாடுவான். அத்துள்ளலுக்கிசைந்த சிந்து ‘நொண்டிச் சிந்து’ எனப் பெயர்பெற்றது. பாரதியார் பாஞ்சாலி சபதத்தில் அதனை உயரிய உணர்ச்சிகளுக்கும் ஏற்ற யாப்பாக எடுத்தாண்டார். ஒற்றைக்கால் நடையிலிருந்து தமிழ் யாப்பு ஒரு வளத்தைப் பெற்றது. அந்நடைக்குரிய மனிதரோ கள்வன் வேடத்திலேயே நின்றுவிட்டனர். தெய்வ அருளால் கால் மீளும் முடிவு மேடையில் எளிதிற் கைகூடியமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேடந் தாங்கியவனுக்கு உண்மையில் இரு கால்களும் இருந்தன. மடக்கிய காலை நீட்டியதும் அற்புதம் நிகழ்ந்துவிடும்.

குற்றமற்றவர் மீது உடற்குறை சுமத்தப்படும் கதைகளிலும் முடிவு மாறுவதில்லை. ஈழத்துக் கத்தோலிக்க மக்களிடையே பெருவழக்குப் பெற்ற ஞானசவுந்தரி நாடகத்தில், மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கதைத்தலைவி கைகளை இழக்கின்றாள். கன்னி மரியாளின் அருளால் அவற்றை மீளப்பெறுகின்றாள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் பதிப்பித்த மன்னார் நாடகங்களுள் இதுவும் ஒன்றாகும். விடியும்வரை ஆடப்பட்ட கூத்துக்களிலே கையிழந்த பெண்ணின் துயரம் அவையோரைக் கண்ணீர் சிந்தவைத்தது. ஆனால் கையில்லாமல் அவள் எவ்வாறு உண்டாள், குழந்தையை எவ்வாறு ஏந்தினாள், எதனைத் தானே செய்யக் கற்றுக்கொண்டாள் என்பன கதையின் அக்கறைக்கு உட்பட்டனவல்ல. கள்வனுக்குத் தண்டனையாக வந்த குறை, நல்லாளுக்குச் சோதனையாக வருகின்றது. இரண்டிடத்தும் திரை விழுமுன் அது நீங்கியாதல் வேண்டும்.

மூன்றாவது மரபு, உடலின் கோணலை உள்ளத்தின் கோணலுக்கு அடையாளமாக்குவது. இராமகாதையின் கூனி இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. பெயரே தேவையற்றுப் போகும் அளவுக்கு அவளது முதுகு அவளைக் குறித்துநிற்கின்றது. ஆயினும் கம்பர் இவ்விடத்து நுண்ணிய செயலொன்று புரிந்துள்ளார். இளமையில் இராமன் தன்மீது எய்த மண்ணுருண்டையை நினைத்தபடியே கூனி சூழ்ச்சியில் இறங்குவதாக அவர் பாடுகின்றார். கூன் அவளைக் கொடியவளாக்கவில்லை. அதன்மீது பட்ட விளையாட்டு அடி அவளது நெஞ்சில் தங்கிவிட்டது. கூனியாக நடிப்போரும் கதை கூறுவோரும் முதுகை வளைப்பதில் காட்டிய கவனத்தை அந்நினைவில் காட்டியிருப்பின் அப்பாத்திரம் வேறு வடிவம் பெற்றிருக்கும். ஆங்கில அரங்கிலும் இதற்கொப்பானது நிகழ்ந்தது. சேக்சுபியரின் மூன்றாம் ரிச்சார்ட் மன்னன் கூன்முதுகும் சூம்பிய கையும் கொண்ட கொடியோனாக நானூறாண்டு மேடையேறினான். 2012 இல் இலெசுட்டர் நகரில் அம்மன்னனது எலும்புக்கூடு அகழ்ந்தெடுக்கப்பட்டபோது, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தமை உண்மையெனத் தெரிந்தது. சூம்பிய கைக்குச் சான்று கிடைக்கவில்லை. பழிக்கேற்ற உடலை அரங்கு தானே படைத்துக்கொள்ளும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

மேற்கூறியவற்றிலிருந்து வேறுபட்ட ஒரு சித்திரமும் தமிழ் மரபில் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அது அந்நியமானதன்று. ஆறுமுகநாவலர் 1852 இல் வெளியிட்ட பெரியபுராண வசனத்தின் வாயிலாகவும் ஆலயப் புராண படனத்தின் வாயிலாகவும் இங்கு பரவிய தண்டியடிகள் வரலாறே அதுவாகும். பிறவியிலேயே பார்வையற்ற தண்டியடிகள் திருவாரூர்த் திருக்குளத்தைப் பெருப்பிக்க எண்ணுகின்றார். குளத்தினுள்ளும் கரையிலும் தறிகளை நட்டு, அவற்றை இணைத்துக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண்ணை வெட்டி எடுத்துக் கரையிலே கொட்டுகின்றார். பார்வையற்ற ஒருவர் பணி செய்யும் முறையைச் சேக்கிழார் இங்கு கண்முன் நிறுத்துகின்றார். அவரை ஏளனஞ் செய்தோரையும் காட்டுகின்றார். ஈற்றில் அடிகள் பார்வை பெறுவதும், ஏளனஞ் செய்தோர் பார்வை இழப்பதும் பழைய மரபின் வழிப்பட்டவையே. குருடு இங்கும் தண்டனையாகவே திரும்பி வருகின்றது. எனினும் அற்புதத்துக்கு முன்னர் அந்தக் கயிறு இருக்கின்றது. அக்கயிற்றைப் பிடித்து நடந்த தண்டியடிகள் பிறர் இரக்கத்தை எதிர்பார்த்தவரல்லர்.

அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் கதையும் இங்கு நினைவுகூரத்தக்கது. அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து பரராசசேகரன் அவையில் பாடிப் பரிசில் பெற்றார் என மரபு கூறும். புலமையால் மதிக்கப்பட்ட ஒருவரை அழைக்கும்போதும் அவரது கண்களே பெயருக்கு முன்னே நின்றன.

ஈழத்துக் கூத்து மரபு பல்கலைக்கழக மேடைக்கு வந்தபோது இவ்வினா எழுவதற்கு வாய்ப்பு ஏற்பட்டது. தெல்லிப்பழையிற் பிறந்து, பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகிய வித்தியானந்தன், பேராதனையில் 1962 இல் ‘கர்ணன் போர்’, 1963 இல் ‘நொண்டி நாடகம்’, அதனையடுத்து ‘இராவணேசன்’ ஆகியவற்றைத் தயாரித்தளித்தார். விடியவிடிய ஆடப்பட்டதைச் சுருக்குதல், ஆட்டத்தையும் பாட்டையும் செம்மைப்படுத்துதல், படித்தோரின் மதிப்பைக் கூத்துக்குப் பெற்றுக்கொடுத்தல் ஆகியனவே அம்முயற்சியின் தலையாய நோக்கங்கள். அக்காலத் தேவை அதுவே. கூத்தின் உள்ளடக்கத்தை மாற்றும் முயற்சி பின்னர் வந்தது. 1969 இல் மௌனகுருவின் ‘சங்காரம்’ சமூக ஒடுக்குமுறையைக் கூத்தினுள் கொணர்ந்தது. 1968 இன் மாவிட்டபுர ஆலயப் பிரவேசப் போராட்டத்தையடுத்து, ‘கந்தன் கருணை’ காத்தவராயன் கூத்தின் பாங்கில் யாழ்ப்பாணத்தில் ஆடப்பட்டது. சாதியின் பெயரால் இழிவுசெய்யப்பட்டோர் தம் கதையைத் தாமே ஆடும் அரங்கு அவ்வாறு திறந்தது. உடற்குறையின் பெயரால் இழிவுசெய்யப்பட்டோருக்கு அத்தகைய அரங்கு அப்போது திறக்கவில்லை.

அந்நிலையை மாற்றியது போராகும். 1980 களிலிருந்து எறிகணைகளும் குண்டுவீச்சும் மிதிவெடிகளும் குடாநாட்டு மக்களின் உடல்களைச் சிதைத்தன. இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1968 இல் உருவாக்கப்பட்ட மலிவான செயற்கைக் கால், 1987 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனத்தின் வாயிலாக இங்குள்ளோருக்குக் கிடைத்தது. வெறுங்காலுடன் நடக்கவும் வயலில் இறங்கவும் சம்மணமிட்டு இருக்கவும் ஏற்றதாய் அமைந்த அக்கால், நொண்டி நாடகத்தின் முடிவையே அர்த்தமற்றதாக்கிவிட்டது எனலாம். இழந்த கால் மீளவில்லை. ஆனால் அதனை இழந்தவர் எழுந்து வேலைக்குச் சென்றார். ஆலய முன்றலிலும் பாடசாலை மண்டபத்திலும் நாடகம் பார்க்க அமர்ந்தோருள் அத்தகையோரும் இருந்தனர். அவர்களின் முன்னே ஒரு காலை மடக்கித் துள்ளிச் சிரிப்பூட்டுதல் எவ்வாறு இயலும்? செயிற்றியம் கூறிய நகை அந்த அவையிலே தன் தகுதியை இழந்தது.

குழந்தை ம. சண்முகலிங்கம் 1978 இல் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரியும், 1985 இன் ‘மண் சுமந்த மேனியர்’ முதலான ஆற்றுகைகளும் போர்க்காலத்து மனிதரை மேடைக்குக் கொணர்ந்தன. அவரது ‘அன்னை இட்ட தீ’ போரினால் விளைந்த உளப் பாதிப்பைப் பொருளாகக் கொண்டது. பித்தரின் பிதற்றல் எனப் பழைய நூல் நகைக்குரியதாக எண்ணிய நிலை, அங்கு செவிமடுக்க வேண்டிய பேச்சாயிற்று. இம்மாற்றம் வேடந் தாங்குவோர் மீது சில பொறுப்புக்களைச் சுமத்துகின்றது. பாத்திரத்துக்கு அதன் குறைக்கு அப்பாலும் ஆசையும் கோபமும் தொழிலும் வாய்த்துடுக்கும் இருத்தல் வேண்டும். கலித்தொகையின் கூனிக்கு அவை இருந்தன. பாத்திரம் தன் நாளாந்தக் கருமங்களைச் செய்யும் முறையை நடிகர் அறிந்திருத்தல் வேண்டும். தண்டியடிகளின் கயிறு போன்றதொன்று ஒவ்வொருவர் வாழ்விலும் உண்டு. அதனை அவ்வாழ்வை வாழ்வோரிடமே கேட்டறியலாம். கதையை முடிப்பதற்காகக் குறையை நீக்குவதும், நீக்கவியலாதபோது பாத்திரத்தைச் சாகவிடுவதும் தவிர்க்கப்படல் வேண்டும். ஏனெனில் நாடகம் முடிந்தபின்னும் அவையிலுள்ளவர் அதே உடலுடனேயே வீடு செல்கின்றார். நகைச்சுவை விலக்கப்பட வேண்டியதன்று. பாத்திரம் தானே நகைப்பதற்கும் பாத்திரத்தை நோக்கி நகைப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை எழுதுவோரும் ஆடுவோரும் உணர்ந்தாற் போதும்.

இவற்றினும் முதன்மையானது வேடம் யாருடையது என்ற வினா. கைதடியில் 1956 இல் தொடங்கிய நவீல்ட் பாடசாலை, செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த பிள்ளைகளுக்குக் கல்வியூட்டி வந்துள்ளது. தெற்கிலே சுனேத்திரா பண்டாரநாயக்காவும் வூல்ஃப்காங் சுடாங்கேயும் 2000 இல் நிறுவிய சுனேரா அறக்கட்டளை, உடற்குறையுடையோரையே மேடையேற்றும் அரங்கப் பட்டறைகளை நடத்தியது. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும் கல்வி, தொழில், பொது இடங்கள் ஆகியவற்றில் அவர்களுக்குள்ள உரிமையைக் கூறுகின்றன. அவ்வுடன்படிக்கை பண்பாட்டு வாழ்விற் பங்குகொள்ளும் உரிமையையும் சேர்த்தே கூறுகின்றது. முடவர், அங்கவீனர், வலது குறைந்தோர், மாற்றுத்திறனாளி எனச் சொற்கள் காலந்தோறும் மாறிவந்துள்ளன. சொல் மாறியபோதும், சக்கர நாற்காலியில் வருவோர் ஏறமுடியாத படிக்கட்டுடன் மேடை அமைந்திருப்பின், அரங்கு இன்னும் கலித்தொகையின் அரண்மனையாகவே இருக்கும். கூனியும் குறளனும் அன்று சிரிப்புக்கு அஞ்சி அரண்மனையை விட்டு வெளியேற விரும்பினர். அவர்கள் அவையின் நடுவே நின்று தம் கதையைத் தாமே பேசுவதற்கு இடமளிப்பது இனிவரும் ஈழத்து அரங்கின் கடனாகும்.