முகக்கவசமும் முகம் மறைத்தலும்

2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் கொரோனாவுக்கு அஞ்சி, கடைவீதியிலும் பேருந்திலும் பள்ளிவாசலிலும் நாம் அணிந்து திரிந்த முகக்கவசத்தை இப்போது பெரும்பாலோர் மறந்துவிட்டனர். அச்சிறு துணிக்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு. அதில் மருத்துவம் பாதி எனில், மனிதரின் மனமும் மானமும் மறுபாதியாகும்.

பெருவாரி நோயைத் தடுக்க முகக்கவசத்தைப் பரவலாக்கியவர் மலாயாவின் பினாங்கில் 1879இல் பிறந்த டாக்டர் வூ லியன் தே என்பவராவார். பினாங்கு நம்மவர்க்கு அந்நிய ஊரன்று. அங்குள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பியதே. கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற வூ, 1910 டிசம்பரில் சீனத்தின் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கு பரவிய பிளேக், எலியாலன்றி மூச்சுக்காற்றால் தொற்றுகிறது எனக் கண்டறிந்து, பஞ்சை உள்ளே வைத்து மடித்த சல்லாத் துணியை முகத்தில் கட்டுமாறு பணித்தார். (நம் மாவட்டத்துச் சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியை ஒத்ததே அத்துணி.) அங்கு வந்த மெஸ்னி எனும் மூத்த பிரெஞ்சு மருத்துவரோ, இளைய சீனர் ஒருவரின் சொல்லை ஏற்க மனமின்றி, கவசமில்லாமலே நோயாளிகளைச் சோதித்தார், சில நாட்களில் அந்நோய்க்கே பலியானார். அதன்பின் கவசம் அணிவது பரவலாயிற்று. ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்ற அக்கொள்ளைநோய் 1911இன் வசந்த காலத்தில் அடங்கிற்று.

1918இல் வந்த இன்ஃப்ளுயன்சாக் காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் கவசம் கட்டாயமாக்கப்பட, அதை எதிர்த்து 1919இல் ஒரு சங்கமே கூடியது.

பிரான்ஸ் நாடு 2010இல் பொது இடங்களில் முகத்தை மறைப்பதைச் சட்டத்தால் தடுத்து, 150 யூரோ வரை அபராதம் விதித்தது. அதே நாடு 2020இல் பொதுப் போக்குவரத்தில் முகத்தை மூடாதவருக்கு 135 யூரோ அபராதம் என்றது! முந்தைய சட்டமும் நீக்கப்படவில்லை. எந்தத் துணி, எவர் முகத்தில் என்பதைப் பொறுத்தே அங்கு குற்றம் தீர்மானிக்கப்பட்டது என்றுதான் கருத வேண்டியுள்ளது.

இலங்கையிலும் இதுவே நிகழ்ந்தது. ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் 2019 ஏப்ரல் 29இல், அவசரகால விதிகளின் கீழ் முகத்தை மூடுதல் தடை செய்யப்பட்டது. மறு ஆண்டே கவசமணியாதோர் கைது செய்யப்பட்டனர். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் எரிக்கவே ஆணையிட்டு, 2021 பிப்ரவரி இறுதியில்தான் அடக்கத்திற்கு அனுமதித்தனர். நோய் பரவிக்கொண்டிருந்த 2021 ஏப்ரலிலேயே முகத்திரையைத் தடை செய்யும் யோசனைக்கு அந்நாட்டு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோர 2024 ஜூலையில் அதே நாட்டு அமைச்சரவை முடிவெடுத்தது.

நம் மார்க்க நூல்களிலும் இப்பொருள் உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தும்மும்போது கையாலோ ஆடையாலோ முகத்தை மூடிக்கொள்வார்கள் என அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்கள் அறிவிக்கின்றன. அதே அபூதாவூதில், தொழுகையில் வாயை மூடுவதைத் தடுத்த ஹதீஸும் உள்ளது. நெருப்பின் முன் நிற்கும் மஜூஸிகளின் வழக்கத்துக்கு அது ஒப்பாகும் என்பதைச் சட்ட அறிஞர்கள் ஒரு காரணமாகக் கூறுவர். இன்றும் பார்சி மதகுருமார் தம் மூச்சு பட்டு நெருப்பு மாசடையாதிருக்கத் துணி கட்டுகின்றனர். சமணத் துறவிகளில் சில பிரிவினர் காற்றிலுள்ள சிற்றுயிர்கள் மடியாதிருக்க வாயை மூடுகின்றனர். நம் துணியோ பக்கத்தில் நிற்பவரின் உயிருக்காகக் கட்டியது.

2020 செப்டம்பர் முதல் நாள் தமிழகமெங்கும் வழிபாட்டுத் தலங்கள் திறக்கப்பட்டபோது, கவசத்துடன் தொழுதால் தொழுகை கூடுமா என்று முதியோர் பலரும் வினவினர். காரணமின்றி வாயை மூடித் தொழுவது மக்ரூஹ், தொழுகை முறிவதில்லை, தேவை ஏற்படின் அந்தக் கராஹத்தும் நீங்கும். இதுவே அன்று நாம் அளித்த விடை. இருமலோ சளியோ உள்ளவர் இப்போதும் கவசத்துடன் ஸஃப்பில் வந்து நின்றால், அவரைக் கழற்றுமாறு கூற வேண்டியதில்லை.