பிந்திய உறைபனி: வெப்பநாட்டுப் பாணி வீட்டுத் தோட்டத்தில்

குளிர்காலம் முடிந்து செடிகள் துளிர்த்த பிறகு ஓரிரு இரவுகள் திரும்பி வந்து தாக்கும் பனியே பிந்திய உறைபனி. வாழை, கல்வாழை, சேம்பு, மரப்பெரணி, பனையினங்கள் என வெப்பநாட்டுத் தோற்றத்துக்காக இங்கிலாந்தில் போடப்படும் வீட்டுத் தோட்டங்களுக்கு நடுக்குளிரைவிட இதுவே கொடியது. டிசம்பரில் செடி உறங்கிக் கிடக்கிறது; மே மாதத்திலோ குருத்தெல்லாம் தண்ணீர்.

இவ்வகைத் தோட்டங்களில் பேர்பெற்றது கிழக்கு சசெக்ஸிலுள்ள கிரேட் டிக்ஸ்டர். புதுதில்லியைத் திட்டமிட்ட எட்வின் லட்யன்ஸ் அங்கு வடிவமைத்த ரோஜாத் தோட்டத்தை 1993இல் அதன் உரிமையாளர் கிறிஸ்டோபர் லாயிடும் தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் கேரட்டும் அகற்றி, வாழையும் கல்வாழையும் நட்டனர். நம் ஊர்க் கிணற்றடியில் கேட்பாரின்றிப் பூக்கும் அதே கல்வாழைதான்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானுக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனத்து, சரிவின் அடியிலும் மதிலோரத்திலும் தேங்குகிறது. வானிலைக் கருவி தரையிலிருந்து சுமார் 1.25 மீட்டர் உயரத்தில் அளப்பதால், அறிவிப்பில் 3 பாகை செல்சியஸ் என்றிருந்தாலும் புல்மட்டத்தில் பனி உறையலாம். மத்திய ஐரோப்பாவில் மே 11 முதல் 15 வரையான நாட்களைப் 'பனிப் புனிதர்கள்' நாட்கள் என்பர். அவை கழியும்வரை மென்செடிகளை வெளியே நடமாட்டார்கள். 2020இல் ஏப்ரல் வெயிலில் இங்கிலாந்துச் செடிகள் முந்தித் துளிர்த்திருக்க, மே நடுவில் விழுந்த பனி திராட்சைத் தோட்டங்களைக்கூடக் கருக்கியது.

பனி தாக்கிய வாழையிலை விடியலில் ஈரத்தில் ஊறியதுபோல் கரும்பச்சையாக, ஒளி ஊடுருவத் தெரியும். திசுக்களில் பனிக்கட்டி உண்டாகி உயிரணுக்களின் நீரை உறிஞ்சி, அவற்றின் சவ்வைக் குலைத்துவிட்டதன் அடையாளம் அது. வெயில் ஏற ஏற, சுடுசோறு கொட்டிய இலைபோல் துவண்டு பழுப்பாகிறது.

அந்தக் காலையில் கத்தரிக்கோலை எடுப்பதே தோட்டக்காரர் செய்யும் பெரும்பிழை. கருகிய இலை அடுத்த பனிக்குக் கேடயம். உயிருள்ள பகுதி எதுவரை என்பதும் இரண்டு மூன்று வாரம் சென்றால்தான் தெளிவாகும். மரத்தண்டுள்ள செடியில் பட்டையை நகத்தால் சுரண்டி, அடியில் பச்சை தெரிந்தால் கிளை பிழைத்திருக்கிறது. தழைச்சத்து உரத்தை உடனே இட்டால் இளந்துளிர் மிகுந்து அடுத்த பனிக்கு இரையாகும், பொறுப்பதே மேல்.

இங்கிலாந்துத் தோட்டங்களில் வளர்க்கப்படும் பாஷோ வாழை (ஜப்பானியக் கவிஞர் பாஷோ புனைபெயராக்கிக்கொண்டது இதைத்தான்) மீள்வதில் வல்லது. அழுகிய தண்டை, வெண்மையும் உறுதியும் தென்படும் இடம்வரை சீவவேண்டும். வாழை வெட்டிய எவரும் அறிந்ததுபோல, சில மணி நேரத்திலேயே நடுக்குருத்து வெட்டுவாய்க்கு மேலே எழும்பி நிற்கும். தண்டு முழுதும் போனாலும் கிழங்கிலிருந்து பக்கக்கன்று வரும். கல்வாழையும் டாலியாவும் அப்படியே நிலத்தடியிலிருந்து தழைக்கும்.

பனையினங்களில் நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பார்ப்பர். கையோடு வந்தால் உள்ளே அழுகல். அங்கு நீர் தேங்கவிடக் கூடாது; முன்பு செப்புப் பூஞ்சைக்கொல்லி இடுவதும் வழக்கமாக இருந்தது.

தடுக்க எளிய வழி, மாலையிலேயே மூடி நிலச்சூட்டைப் பிடித்துவைப்பது. பழைய போர்வை போதும். இலையில் ஒட்டும் பிளாஸ்டிக் ஆகாது. குளிர்காலத்தில் டிக்ஸ்டர் வாழைகளுக்குப் பெரணித் தழை பொதிகிறார்கள். நீலகிரியில் தேயிலைமேல் தாகை என்னும் செடியின் தழையைப் பரப்புவதும் இதே அறிவுதான்.

மரப்பெரணிக்கு மட்டும் மாற்று வழி குறைவு. ஒரே அலையாகச் சுருள் விரியும் அதன் ஓலைகள் கருகினால், அவ்வாண்டு மறு அலை வராமலும் போகலாம். தண்டையும் உச்சியையும் ஈரமாக வைத்து, அடுத்த வசந்தம்வரை மொட்டைத் தண்டுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டியதுதான்.