பாட்டிலுக்குள் வந்த பழச்சாறு

பிழிந்த பழச்சாறு நெடுநேரம் சாறாகவே இருப்பதில்லை. பழத்தோலில் இயல்பாக ஒட்டியிருக்கும் ஈஸ்ட், சாற்றின் சர்க்கரையைத் தின்று சில நாட்களில் அதை மதுவாக்கிவிடும். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திராட்சைச் சாறு பெரும்பாலும் ஒயினாகவும், ஆப்பிள் சாறு போதையேற்றும் சைடராகவும் முடிந்தன. புளிக்காமல் குடிக்க வேண்டுமானால் பிழிந்த கையோடு குடித்தாக வேண்டும். பழச்சாற்றைக் கடைச் சரக்காக்கியது சூடுதான்.

ஒயின் கெடுவதற்கு நுண்ணுயிரிகளே காரணம் என்றும், மிதமாகச் சூடாக்கினால் அவை அடங்கும் என்றும் 1860களில் லூயி பாஸ்டர் காட்டினார். ஒயினைக் காக்க அவர் கண்ட வழியை, சாறு ஒயினாகாமல் தடுக்கப் பயன்படுத்தியவர் தாமஸ் பிராம்வெல் வெல்ச். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லேண்ட் ஊரில் பல் மருத்துவராக இருந்த அவர், மதுவிலக்கில் உறுதியான மெதடிஸ்ட். தேவாலயத் திருவிருந்தில் மது பரிமாறப்படுவது அவருக்கு உறுத்தியது. 1869இல் கான்கார்டு திராட்சையைப் பிழிந்து வடிகட்டி, பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வைத்தார். சாறு புளிக்கவில்லை. ‘புளிக்காத ஒயின்’ என்ற பெயரில் விற்றுப் பார்த்தார். தேவாலயங்கள் அவ்வளவாக வாங்கவில்லை. வியாபாரத்தை நிமிர்த்தியவர் மகன் சார்லஸ். 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்த கூட்டத்துக்கு அவர் சாற்றைச் சுவை காட்டினார். 1913இல் வெளியுறவுச் செயலர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், பிரிட்டிஷ் தூதருக்கு அளித்த விருந்தில் மதுவுக்குப் பதில் திராட்சைச் சாறு பரிமாறினார். பத்திரிகைகள் கேலி செய்தன. சாற்றுக்கு அதுவே காசில்லா விளம்பரமாயிற்று.

ஆரஞ்சின் கதையைத் தொடங்கிவைத்தது மிதமிஞ்சிய விளைச்சல். கலிஃபோர்னியத் தோட்டக்காரர்களின் கூட்டுறவு அமைப்பு, விற்காமல் குவிந்த பழங்களைத் தள்ளிவிட 1916இல் ‘ஆரஞ்சைக் குடியுங்கள்’ என்று விளம்பரத்தில் இறங்கியது. கணக்கு எளியது: ஒரு பழம் தின்பவர் ஒரு டம்ளர் சாற்றில் இரண்டு மூன்றைத் தீர்த்துவிடுவார். 1930களின் தொடக்கத்தில் வைட்டமின் சி இன்னதென்று அறியப்பட்டபோது, இந்த விற்பனைத் தந்திரத்துக்கு அறிவியலின் துணையும் கிடைத்தது. ஆனால் டப்பாவில் அடைத்த ஆரஞ்சுச் சாற்றில் வெந்த வாடை போகவில்லை. 1940களில் ஃபுளோரிடாவில் லூயி மெக்டோவல், எட்வின் மூர், செட்ரிக் அட்கின்ஸ் மூவரும் அதற்கு வழி கண்டனர். வெற்றிடத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும். அப்படிச் சாற்றைத் தேவைக்கு மேல் கெட்டியாக்கி, பிறகு கொஞ்சம் புதிய சாற்றைக் கலந்து மணத்தை மீட்டு உறையவைத்தார்கள். 1948இல் காப்புரிமை கிடைத்தது. காலை உணவு மேசையில் ஆரஞ்சுச் சாறு அமெரிக்க வழக்கமானது இதற்குப் பிறகுதான்.

சூட்டால் வளர்ந்த தொழிலில் பின்னாளில் ‘சூடுபடாத சாறு’ என்பதே பெருமையாயிற்று. சாற்றின் புளிப்பு நோய்க்கிருமிகளைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை அதற்குத் தைரியம் தந்தது. பொட்டுலிசம் என்ற உணவு நச்சு நோயைத் தரும் கிருமியைப் பொறுத்தவரை அது சரிதான். அமிலம் மிகுந்த சாற்றில் அது வளராது. 1982இல் அடையாளம் காணப்பட்ட ஈ. கோலை O157:H7 என்ற பாக்டீரியா வேறு ரகம். மாட்டுச் சாணத்தில் இருக்கும் இது, ஆப்பிள் சாற்றின் புளிப்பைத் தாங்கி, குளிர்பெட்டியிலும் பல நாள் உயிரோடிருக்கும். தரையில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிப் பிழிந்தால் ஆபத்து கூடும். 1996 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓட்வாலா நிறுவனம் விற்ற சூடாக்காத ஆப்பிள் சாற்றால் 60க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; கொலராடோவில் ஒரு குழந்தை இறந்தது. 1998இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அதே ஆண்டு அமெரிக்காவில், கிருமி நீக்காத சாற்றுப் பாட்டில்களில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. 2001இல் வந்த விதி, சாறு தயாரிப்போர் நோய்க்கிருமிகளை லட்சத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்றது. சுமார் 71 டிகிரி செல்சியஸில் சில வினாடிகள் வைத்தால் ஆப்பிள் சாற்றுக்கு அது போதும்.

அந்தச் சில வினாடிகளில் சத்து பறந்துவிடும் என்ற அச்சத்துக்கு அதிக ஆதாரமில்லை. புளிப்பான சாற்றில் வைட்டமின் சி பெரும்பாலும் தங்கிவிடும். உண்மையான இழப்பு பிழியும்போதே நடந்துவிடுகிறது: நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போகிறது. மிஞ்சும் 240 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கும். 2015இல் உலக சுகாதார நிறுவனம், குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் கணக்கில் பழச்சாற்றின் இயற்கைச் சர்க்கரையையும் சேர்த்தது. 2017இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, மருத்துவக் காரணமின்றி ஒரு வயது வரை பழச்சாறே கொடுக்க வேண்டாம் என்றும், 3 வயது வரை நாளுக்கு ஏறத்தாழ 120 மில்லிக்கு மிக வேண்டாம் என்றும், கிருமி நீக்காத சாற்றை எந்த வயதுக் குழந்தைக்கும் தர வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது.